விளையாட்டு வகுப்பில் பூவேலை

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஒருவரையும் படிப்பைப் பாதியில் நிறுத்த விட்டதில்லை.

எண்பதுகளில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. அந்த ஷூவில் மண் பட்டு நான் பார்த்ததில்லை; நாற்காலியை விட்டு எழுந்தால்தானே! உட்கார்ந்தபடியே விசில் ஊதுவார், பையன்கள் ஓடுவார்கள். பெண்பிள்ளைகளோ வராந்தாவில் குனிந்து உட்கார்ந்து கைக்குட்டையில் பூ போட வேண்டும். அதுதான் அவர்களுக்கு விளையாட்டு வகுப்பு.

அங்கே ஒன்பதாவது படித்த என் மூத்த மகளுக்கு முதுகு வலி வந்தது. ஓடியாடினால் சரியாகும் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் சரியாகும் என்றார் என் வீட்டுக்காரர். நான் நேரே மாஸ்டரிடம் போனேன்.

“ஏங்க சார், பொட்டப் புள்ளைங்கள ஓட வுட்டா என்னங்க?”

“உழுந்து கையி காலு ஒடைஞ்சா யாரும்மா கட்டிக்குவாங்க?”

“குனிஞ்சே கூன் போட்டா மட்டும் வரிசையில வந்து நிப்பாங்களா? நீங்க பூப் போடுங்க சார், எம்பொண்ணு விசில் ஊதட்டும். உக்காந்து ஊதற வேலதானே?”

அவர் கையிலிருந்த விசில் நழுவியது. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“இத்தன வருசமா யாரும் வந்து கேக்கலியேம்மா,” என்றார்.

மறுநாளே பெண்பிள்ளைகள் கோ-கோ ஆடினார்கள். கொஞ்ச நாளில் என் மகளின் வலியும் போனது. யாராவது வந்து கேட்கட்டும் என்றுதான் அந்த மனிதர் அத்தனை காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எம் பேத்திக் கண்ணு, கட்டில்ல சுருண்டு கெடந்தது போதும். எந்திரிச்சு நிமுந்து உக்காந்து, ஆயா எழுதினத ஒருவாட்டி படிச்சுக் காட்டு.