கொழுப்பை வென்ற பென்த்தி

பனி சூழ்ந்த வட கரேலியா மாகாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் என்றால் ஊரில் அவனுக்குத் தனி மரியாதை உண்டு. பென்த்தி துரூனெனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய அப்பா நாற்பத்தாறில், விறகு அடுக்கிக்கொண்டிருந்தபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். பெரியப்பா அதற்கு முந்திய குளிர்காலத்தில், உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது போனார். எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் இப்படி ஓர் இளவயதுத் தகப்பனின் படம் தொங்கும். பிறகு டாக்டர்கள் வந்து குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்தார்கள். முதல் குற்றவாளி வெண்ணெய். அதற்குப் பிறகு அந்த மக்கள் வெண்ணெயின் தலையில் போடாத பழியே இல்லை. நெஞ்சு வலித்தால் வெண்ணெய், முழங்கால் வலித்தாலும் வெண்ணெய். பசு கன்று போடப் பிந்தினால்கூட யாராவது வெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள்.

பென்த்தி நூலக வண்டி ஓட்டுபவர். பேருந்து நிறையப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கேக் செய்முறைப் புத்தகத்தை யாராவது எடுத்தால், க்ரீம் கேக் படம் இருக்கும் பக்கத்தில் கொலஸ்ட்ரால் எச்சரிக்கைத் துண்டறிக்கை ஒன்றைச் செருகித்தான் கொடுப்பார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் செவிலி சைமி ஊர்க் கூடத்தில் எல்லோருடைய ரத்தத்தையும் பார்ப்பாள். கொழுப்பு யாருக்குக் குறைவோ அவருக்கு ஒரு மூட்டை ரை தானிய மாவு பரிசு. நான்கு வருடமாக மூட்டை பென்த்தி வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் புகழுக்குள் ஓர் ஓட்டை இருந்தது. சனிக்கிழமை மாலை சவுனா நீராவி அறையில் வியர்த்துக் குளித்து முடித்ததும், மனைவி ஹில்க்கா உள்ளே போவாள். அந்த இடைவெளியில் பென்த்தி விறகுக் கொட்டகைக்குள் நுழைவார். ரை மாவுத் தோலுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட பீரக்கா இரண்டு அங்கே காத்திருக்கும். வேகவைத்த முட்டையை அசல் வெண்ணெயில் மசித்து அதன்மேல் அப்பி, கண்ணை மூடிக்கொண்டு தின்பார். வெண்ணெயை உள்ளூர்க் கடையில் வாங்குவதில்லை. இரண்டு ஊர் தள்ளி, வண்டி நிற்கும் இடத்தில் வாங்கி, பழைய கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

ஆகஸ்டில் தாகம் தொடங்கியது. குடிக்கக் குடிக்க அடங்கவில்லை. குடித்த தண்ணீர் உள்ளே தங்கவும் இல்லை. நூலக வண்டி ஒவ்வொரு விறகுக் குவியலுக்குப் பக்கத்திலும் நிற்கத் தொடங்கியது. புத்தகத்துக்காகக் காத்திருந்தவர்கள் வண்டியைப் பார்த்துக் கையசைத்தால், அவர் குவியலுக்குப் பின்னாலிருந்து கையசைப்பார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ஊரோ அவரைப் பாராட்டியது. பார், வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் தின்றால் எப்படி இளமை திரும்புகிறது என்றார்கள். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளுக்குள் உறைத்தது. இது சர்க்கரைதான், சனிக்கிழமைகள் வசூலிக்க வந்துவிட்டன என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். பீரக்காவை நிறுத்தினார், இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கினார். தாகம் குறையவில்லை. டாக்டரிடம் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று போகவும் இல்லை. இவ்வளவு புத்தகங்களோடு திரிந்த மனிதர் இப்படியும் இருப்பாரா என்று கேட்டால், இருந்தார்.

செப்டம்பரில் ஓவுலு நகரத்திலிருந்து மகள் மெர்வி தொலைபேசியில் பேசினாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம். ஞானஸ்நானம் வரைக்கும் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பதால் எல்லோருக்கும் அது வெறும் பாப்பாதான். பிறந்தபோது தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தைப் பார்த்துக் கடிதம் வந்திருக்கிறதாம். பாப்பாவின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் சர்க்கரை நோய்க்கு இடம்கொடுக்கிற ரகம். பயப்பட வேண்டாம், இப்படிப் பிறக்கிற நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் வருவதில்லை, ஆனாலும் அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படிவம். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?

“நம்ம பக்கம் யாருக்காச்சும் இருக்காப்பா?”

“நம்ம வீட்டுலயா? யாருக்கும் கிடையாதும்மா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. மெர்வி சரிப்பா என்று சட்டென்று வைத்துவிட்டாள். பென்த்தி மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். அன்று முழுக்க அவருக்கு யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை.

அக்டோபரில் ஊர்க் கூடத்தில் ஐந்தாவது முறையாக அவர் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பென்த்தி மூட்டையைத் தூக்கக் குனிந்தார், மூட்டை அசையவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். சைமி காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தாள். இருவரும் ஆரம்பப் பள்ளியில் ஒரே பெஞ்சு.

“பெல்ட்டுல எத்தனை ஓட்டை புதுசாப் போட்ட?”

“மூணு.”

“வாயில ஏன் அழுகின ஆப்பிள் வாசனை அடிக்குது? விரலை நீட்டு.”

கருவியில் எண் தெரிவதற்குள் பென்த்தி உடைந்துவிட்டார். “சைமி, நான் பதினோரு வருஷமா திருட்டுத்தனமா வெண்ணெய் தின்னேன். சனிக்கிழமைக்கு ரெண்டு பீரக்கா. அதான் பிடிச்சிடுச்சு.”

கருவி அந்த நாட்டு அளவில் இருபத்துநான்கு காட்டியது. நல்ல உடம்பில் இருப்பதைப்போல் நாலைந்து மடங்கு. சைமிக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன.

“ரெண்டு பீரக்காவுக்கா இந்தப் பாவமன்னிப்பு? மடையா, கொழுப்போட வர்ற சர்க்கரை தனியா வராது. தொப்பை, கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்புனு கூட்டத்தோடதான் வரும். உன் ரத்தத்துல கொழுப்பு ஊரிலேயே குறைவு, உடம்போ உருகுது. அதான் எனக்கு இடிக்குது. டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்லணும். ஆனா எனக்கு இது வேற ரகம்னு தோணுது.”

“வேற ரகம்னா?”

“உங்க வீட்டு வேட்டை நாய் ஒருநாள் சொந்தக் கோழியவே கடிச்சிச்சே, ஞாபகம் இருக்கா? உடம்பைக் காக்கிற படையும் சில பேருக்கு அப்படித்தான். இன்சுலின் சுரக்கிற இடத்தையே எதிரின்னு நெனச்சுக் கடிச்சுத் தின்னுடும். எதைப் பகைன்னு மோந்து பார்க்கும்கிறது பாதி மரபணுவுல இருக்கு. அப்பா அம்மா கொடுத்தது. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் வரும்னு இல்ல, உன்னை மாதிரி கிழவனுக்கும் வரும்.”

ஓவுலுவுக்கு வந்த கடிதமும் இதே படையைப் பற்றித்தான் பேசியது என்று பென்த்திக்கு நினைவு வந்தது. அந்தப் படிவத்துக்குத் தான் சொன்ன பதிலைச் சொல்ல வாயெடுத்தார். சைமி அவரைப் பேசவிடவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் படுத்தே போயிருப்பாய் என்று திட்டிக்கொண்டே தன் காரில் ஏற்றி, நகரத்து மருத்துவமனைக்கு ஓட்டினாள். மூட்டை கூடத்திலேயே கிடந்தது.

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர் சைமி சொன்னதையே சொன்னார். ஊசியில் இன்சுலின் ஏறிய மூன்றாம் நாள் தாகம் அடங்கியது. நான்காம் நாள் பென்த்தி தாழ்வாரத்துத் தொலைபேசிக்கு நடந்துபோய் ஓவுலுவைக் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை.

“மெர்வி, நான் பொய் சொல்லிட்டேன். எனக்கு இருக்கு. பாப்பாவுக்குச் சொன்னாங்களே, அந்த ரகம். சர்க்கரைன்னு ஆகஸ்டுலேருந்தே தெரியும். வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சிட்டேன்.”

திட்டுவாள் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார். அழுகைதான் கேட்டது.

“அப்போ என்னால இல்லையாப்பா?”

“உன்னாலயா? நீ என்னம்மா பண்ணே?”

“வயித்துல இருந்தப்ப தினமும் வெண்ணெய் பன்னு தின்னேன். ஒரு நாள்கூட விடல. நம்ம பக்கம் யாருக்கும் இல்லன்னு நீங்க சொன்னதும், அப்போ நான் தின்னதுதான்னு நெனச்சேன். இவர்கிட்டகூடச் சொல்லல.”

பென்த்தி சுவரில் சாய்ந்துகொண்டார். தன் பொய் அவள் மடியில் போய் விழும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. தான் கொட்டகைக்குள் சுமந்ததையே அவளும் அங்கே தனியாகச் சுமந்திருக்கிறாள். ஒரே வீட்டில் வளர்ந்த பயம், ஒரே வெண்ணெய். இல்லையம்மா, இல்லையம்மா என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வேட்டை நாய்க் கதையையும் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நவம்பரில் ஞானஸ்நானம் ஓவுலுவில் மெர்வி வீட்டிலேயே நடந்தது. பாதிரியார் பாப்பாவின் பெயரை முதன்முதலாகச் சொன்னார்: லெம்பி. பிறகு காப்பி மேசை நிறைந்தது. ஹில்க்கா ஒரு பீரக்காவை எடுத்து, அசல் வெண்ணெய் மசித்த முட்டையை அப்பி, எல்லோரும் பார்க்கக் கணவன் கையில் கொடுத்தாள். கொட்டகை ரகசியம் அவளுக்கு ஆறு வருடமாகத் தெரியுமாம். முட்டையும் பீரக்காவும் தீருகிற வேகத்தைப் பார்த்து முதலில் எலி பெரியது என்று நினைத்தாளாம். ஒன்றுக்கு மேல் கை போகக் கூடாது என்றும் சொல்லிவைத்தாள். சர்க்கரை வந்த உடம்பில் கொழுப்பும் ஏறினால் இதயத்துக்கு இரட்டை இடி, உன் ஐந்து மூட்டைப் பெருமை இனிமேல்தான் உதவப் போகிறது என்று சைமி கட்டளையிட்டு அனுப்பியிருந்தாள். பென்த்தி ஊசியைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்தபடியே நிதானமாகத் தின்றார். ஒளிந்து தின்றதைவிட அது ருசியாகத்தான் இருந்தது.

விருந்தினர் போன பிறகு மெர்வி படிவத்தைத் திருத்த உட்கார்ந்தாள். பென்த்தி மடியில் லெம்பியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தாத்தா என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினாள்.

“சனிக்கிழமைப் பீரக்காவையும் எழுதிடும்மா. இனி எதையும் மறைக்க வேண்டாம்.”

மெர்வி தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

“வெண்ணெய்க்கு இதுல கட்டமே இல்லப்பா.”