தேயிலைத் தூர்மேல் ஒரு சமையலறை

எனக்குக் கோபம் வந்தால் என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வார். தன் கையால் கட்டிய இடம் என்ற தைரியம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குனிந்து குனிந்து சமைத்தே எனக்கு இடுப்பு போனது. அதனால் ரிங்லெட் ஊர்ப் பக்கம் வீடு வாங்கியதும், நான் நிமிர்ந்து நிற்கப் பின்னால் ஒரு சமையலறை கட்டித் தந்தார்.

அதன் மூலைச் சுவர் வெடித்தது. தீபாவளிக்குத் தீபாவளி சிமெண்டு பூசிச் சாயம் அடிப்பார். மழை பெய்ததும் மறுபடி வெடிக்கும். நான் கத்தினால், "சுவருன்னா வெடிக்கத்தான் செய்யும் லா" என்பார். ஒருநாள் பின்கதவு தரையில் இடித்து மூடவே மறுத்தது. அவரைக் கேட்காமல் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

கொத்தனார் அந்த மூலையில் தோண்டினார். தொட்டால் உதிரும் கறுப்புக் கட்டைகள் வந்தன. சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரரிடம் ஒன்றை நீட்டினார்.

"என்னண்ணே இது?"

"பள்ளமா இருந்துச்சு. புடுங்கின தேயிலைச் செடியெல்லாம் போட்டு மேல மண்ணு தள்ளுனேன். தூரு இரும்பு மாதிரிப்பா."

"இரும்பு மக்கிப் போச்சு, மேல நின்ன சுவரும் எறங்கிருச்சு. கூரைத் தண்ணியும் இங்கதான் விழுது. விட்டிருந்தா கொழுந்தே எடுத்திருக்கலாம்."

தோட்டத்தில் முப்பது வருடம் அந்தத் தூரோடு மல்லுக்கட்டிய மனுஷன். அது மக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கொத்தனார் என்னிடம் சொன்னார்: "அக்கா, அடியில கான்கிரீட் போட்டுப் பாப்போம். அப்பவும் எறங்குச்சுன்னா இடிச்சுத்தான் ஆகணும்."

வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது.

ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் சாயும். அதனால் கொத்தனாரும் ஆட்களும் கொஞ்சம் தோண்டி, கெட்டி மண் தெரிந்ததும் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே அடுத்த பகுதிக்குப் போனார்கள். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தள்ளி விட்டார்கள். வெடிப்பை மட்டும் மூடவில்லை. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டினார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மழைக்காலம் முடியும்வரை கைவைக்கக் கூடாது.

தீபாவளி வந்ததும் இவர் சாந்துக் கரண்டியோடு வந்து நின்றார்.

"ஆளுங்க வருவாங்க. அசிங்கமா இருக்கும்."

"வரட்டும். தேயிலையைப் பொதைச்சு வீடு கட்டுனவருன்னு காட்டுறேன். தொட்டீங்க, சோறு கெடையாது."

கரண்டியைக் கீழே வைத்தார். தினமும் தேத்தண்ணி குடிக்கும் முன்பே கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "உடையல" என்பார். நான் காதில் விழாததுபோல இருப்பேன். ஆனால் அவர் சொல்லும்வரை அடுப்பைப் பற்றவைத்ததில்லை.

மழை விட்டது. கண்ணாடி உடையவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"நீயே பூசு. நான் பூசுனா நீ நம்ப மாட்டே."

மேடும் பள்ளமுமாகப் பூசிவைத்தேன். கேவலமாகத்தான் இருக்கிறது. "தேய்ச்சு விடட்டுமா?" என்று இன்னும் கேட்கிறார். இடிபடாமல் தப்பிய சுவர். தொட விடமாட்டேன்.