மகளுக்குக் கம்பஸ் பார்க்கப் போனோம்

ஏப்ரல் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு எங்கள் கடற்கரை ஊரான சாய்ந்தமருதிலிருந்து வேனில் புறப்பட்டோம். கட்டுநாயக்கா விமான நிலையம்வரை முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், வேன் கூலி முப்பத்தையாயிரம் ரூபாய். நானும் மகள் நுஸ்ராவும் மட்டும்தான் பயணம். உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள். அமெரிக்காவில் பெயர்பெற்ற மூன்று பல்கலைக்கழகங்கள் அவளுக்கு இடம் கொடுத்திருந்தன. மே பிறப்பதற்குள் ஒன்றுக்கு 'ஓம்' சொல்ல வேண்டும். நியூ ஜேர்ஸியில் இருக்கும் என் மனைவியின் தம்பி றிபாஸ், "கண்ணால பாக்காம எப்படி மச்சான் முடிவெடுக்கிற? ரெண்டு பேரும் வாங்க" என்று டிக்கெற் அனுப்பிவிட்டார்.

சம்மாந்துறை வயல்களில் சிறுபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. வேன்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சேர், ஊர்ல எல்லாரும் மகளுக்கு மாப்பிள பாக்கத்தான் போவாங்க. நீங்க கம்பஸ் பாக்கவா போறீங்க?"

"ஓம் தம்பி. மாப்பிளய பொறகு பாக்கலாம்" என்றேன். நுஸ்ரா காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூன்றின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இடம் தந்தவர்களை வேண்டாமென்று சொன்னதை ஊருக்கெல்லாம் அறிவிக்கக் கூடாது என்பது அவளுடைய கட்டளை.

திங்கட்கிழமை காலை முதலாவதைப் பார்த்தோம். றிபாஸின் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். நான் நில அளவையாளன். எங்கே போனாலும் என் கண் எல்லைக்கல்லைத்தான் தேடும். இங்கே எல்லையே பிடிபடவில்லை. ஒரு கட்டடத்தில் வகுப்பு, அடுத்ததில் வங்கி, அதற்கடுத்ததில் மீண்டும் வகுப்பு. நகரமும் கம்பஸும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. கோப்பி ஒன்று ஐந்து டொலர். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் டொலருக்கு மேல். பயந்துவிட வேண்டாம், பெரும்பகுதியை அவர்களே ஏற்கிறார்கள். எங்கள் பங்கு பன்னிரண்டாயிரம். நம்முடைய காசில் முப்பத்தைந்து இலட்சத்துக்கும் கூட, அதுவும் ஒவ்வொரு வருடமும். ஆனாலும் எனக்கு இதுதான் பிடித்தது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் றிபாஸின் மனைவி, அவளுடைய மாமி, கஞ்சியோடு போய் நிற்கலாம்.

புதன்கிழமை றிபாஸ் லீவு போட்டுக் காரெடுத்தார். மேற்கே ஐந்நூறு மைல், ஒன்பது மணித்தியால ஓட்டம். மலைகள் முடிந்து நிலம் தட்டையானதும் எனக்கு உடம்பு இலேசானது. உழுது போட்ட சோளக் காணிகள் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு. அதன் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேலான இரண்டாவது கம்பஸ். அரசாங்கத்துடையது, ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட மாணவர்கள். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போக பஸ் ஓடுகிறது; அதற்குக் காசு இல்லை. செலவு அறுபதாயிரம் டொலர். முதலாவதைவிடக் குறைவுதான். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சதமும் குறைக்க மாட்டார்கள். ஆக, விலை குறைந்த கம்பஸ்தான் எங்களுக்கு ஆகக் கூடிய விலையில் வந்து நின்றது.

நுஸ்ராவுக்கோ அங்கிருந்து புறப்பட மனமே இல்லை. புல்வெளியில் கால்நீட்டி இருந்தாள்.

"வாப்பா, இஞ்ச ஒருத்தருக்கும் என்னத் தெரியாது."

"அதுல என்ன புள்ள சந்தோசம்?"

"ஊர்ல கடைக்குப் போய் ஒரு ஐஸ்கிறீம் குடிச்சா, நான் வீட்ட வாறதுக்குள்ள உம்மாக்குக் கதை போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை மூன்றாவது. நியூ ஜேர்ஸியிலிருந்து வடக்கே நான்கு மணித்தியாலம், வெர்மொன்ட் மலைப்பக்கம். ஏப்ரலிலும் வழியோரம் பனி கிடந்தது. ஒரு தபாலகம், ஒரு பெற்றோல் செட், பிறகு கம்பஸ். மாணவர்கள் இரண்டாயிரம்தான். முழுச் செலவையும், வருடத்தில் ஒருமுறை விமானச் சீட்டையும் அவர்களே தருகிறார்கள். ஹலால் இறைச்சிக் கடை நாற்பது மைலுக்கு அப்பால்.

சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மணி, "நீதானே ஸ்ரீலங்காவிலிருந்து வரும் நுஸ்ரா?" என்று பெயர் சொல்லி வரவேற்றார். மகளின் முகம் சுருங்கியது.

"இதுவும் சாய்ந்தமருதுதான் வாப்பா" என்று என் காதோடு சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. குளிரைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

அஸர் தொழுத பிறகு நேபாளத்து மாணவி ஒருத்தி அவளைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனாள். நானும் றிபாஸும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தோம். நான் முதலாவது கம்பஸைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், கொஞ்சம் சும்மா இரிங்க. அவள் சொல்லட்டும்" என்றார் றிபாஸ்.

மூக்குச் சிவந்து, சப்பாத்து நனைந்து நுஸ்ரா திரும்பி வந்தாள்.

"ஒரு மணித்தியாலமாக் கணக்குத்தான் கதைச்சோம் வாப்பா. பொறகு இன்னும் நாலு பேர் வந்தாங்க. யார்ர மகள் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நான் என்ன படிக்கப் போறன் எண்டுதான் கேட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சேர்வேயரின் மகள் என்ற பெயரை நான் அவளுக்குக் கொடுத்த சொத்தாக நினைத்திருந்தேன். அது அவளுக்குச் சுமையாகவும் இருந்திருக்கும் என்று தோன்றியதே இல்லை.

"இதுதான் வேணும் எண்டு காசுக்காகச் சொல்றியா புள்ள?"

"காசும்தான். பொய் சொல்லமாட்டன். அந்தப் பெரிய கம்பஸ் சும்மா கிடைச்சா அங்கதான் போவன். ஆனா இஞ்சயும் எனக்கு மூச்சு முட்டல்ல."

மறுநாள் றிபாஸின் குசினியில் வைத்து, உம்மா தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மூன்றாவதற்கு 'ஓம்' அனுப்பினாள். அந்தப் பக்கம் மனைவி அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். றிபாஸின் மனைவி எங்களுக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தார்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் கல்முனை பஸாரில் என்னோடு படித்த கூட்டாளி ஒருவர் மறித்தார். மூன்றில் எது திறம் என்று கேட்டார். செலவைச் சொன்னேன், பரப்பைச் சொன்னேன், மலையையும் பனியையும் சொன்னேன்.

"ஒனக்கு எது புடிச்ச?"

"முதலாவது. மாமாட வீடு கிட்ட."

"அப்ப ஏன் அந்தக் குளிருக்க அனுப்புற?"

"படிக்கப் போறது நானில்லையே."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அங்க மீன் கிடைக்குமா?" என்றார்.

அது ஒன்றைத்தான் நான் விசாரிக்காமல் வந்துவிட்டேன்.