கோபுரத்துக்கு மேலே வந்த வெளிச்சம்

பொழுது சாய்ந்த சிதம்பரம் பேருந்து நிலையம் மின்வெட்டில் இருண்டு கிடக்கிறது. வானம் பார்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கடலூர் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.

“ரெண்டே நிமிஷம். கோபுரத்துக்கு மேல விண்வெளி நிலையம் வரும். உள்ள ஆளுங்க இருக்காங்க” என்று கண்டக்டரிடம் அடித்துச் சொல்கிறேன்.

“வரலன்னா உங்கள விட்டுட்டுப் போய்டுவேன் சார்.”

சொன்னபடியே வருகிறது. சிமிட்டாத வெள்ளைப் புள்ளி, சத்தமில்லாமல் உச்சிக்கு ஏறுகிறது. பஸ் ஜன்னல்களில் தலைகள் நீள்கின்றன. நடுவானில் சட்டென்று அணைந்துபோகிறது.

“அங்கயும் கரண்ட் கட்டா சார்?”

“வெயில் பட்டுதான் அது மின்னுது. இப்ப பூமியோட நிழலுக்குள்ள போயிடுச்சு. அரை மணியில திரும்ப வெளிச்சம் வந்துடும்.”

விசிலை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்துகிறார்.

“அரை மணிதானா? குடுத்து வச்சவங்க!”