அண்ணனை அழவைத்த காலை

பொய் சொல்லத் தெரியாத ஒருவர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது?

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினை ஓட்டுபவர் அண்ணன். காகிதக் கட்டை அடுக்கித் தள்ளுவது அவருடைய தங்கை கணவரின் வேலை. கையை இழுத்துக்கொண்டதும் மாப்பிள்ளை "ஆச்சு" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் கத்தியை இறக்குவார். ஒரு நாள் இறங்கிய கத்திக்கு மாப்பிள்ளையின் மூன்று விரல்கள் போயின.

"ஆச்சு" சொல்லிவிட்டு அவர் மறுபடி கையை நீட்டியிருந்தால் அவருக்கு வேலை போகும். சொல்லவே இல்லையென்றால் அண்ணனுக்கு. மயங்கி விழுந்த மாப்பிள்ளைக்கு எதுவும் நினைவில்லை. அண்ணன் ஒருவர்தான் சாட்சி.

உற்சாகமான நாளில் அண்ணன் சொல்வார்: "மாப்பிள்ள கணீர்னு சொன்னார்மா. இன்னும் காதுல இருக்கு." மனம் சோர்ந்த நாளில் அதே வாய், "அவர் வாயே திறக்கல. நான்தான் அவசரப்பட்டேன், பாவி" என்று புலம்பும். இரண்டு முறையும் முகத்தில் கள்ளம் இருக்காது.

நல்ல வேலைக்காரரான அண்ணனை இழக்க விரும்பாத சூப்பர்வைசர், விசாரணை முடியும்வரை என்று அவரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் சிரித்தால் தன் கணவருக்கு வேலை போகும் என்பது தங்கைக்குப் புரிந்துபோனது.

விசாரணை நாள் காலையில் அவள் போனபோது அண்ணன் சீட்டியடித்தபடி சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னம்மா காலங்காத்தால? மாப்பிள்ள துரத்திட்டாரா?"

அவள் சிரிக்கவில்லை. "அண்ணி சாகறதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

சீட்டி நின்றது. "இப்ப எதுக்குடி அது? தலைவலின்னா. படுத்தா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு கெஞ்சினாங்கண்ணா. காலையில பாத்துக்கலாம்னு நீ திரும்பிப் படுத்துட்டே. நான் அங்கதான் இருந்தேன்."

அவள் அன்று அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

பாதி முகத்தில் நுரையோடு அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விசாரணையில் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "அவர் சொல்லல. நான்தான் இறக்கினேன்" என்றார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாப்பிள்ளைக்குக் காகிதக் கட்டுகளைப் பிரிக்கும் பகுதியில் இடம் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தில் இடது கையால் சாப்பிட்டபடி மாப்பிள்ளை பேசினார். "இப்பதான் ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு. நான் ஆச்சுன்னு சொல்லியிருப்பேன். காகிதம் கோணலா இருந்துச்சு, தட்டிவிடலாம்னு கைய நீட்டினேனோ என்னவோ."

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றவள் தன் தட்டைத் தள்ளிவைத்தாள். எழுந்து அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணா, நான் சொன்னது பொய். அன்னைக்கு நான் அங்க இல்லவே இல்ல. அண்ணி கெஞ்சல."

அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ இல்லேன்னா என்னம்மா? எனக்கே எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. கெஞ்சினா. என் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினா."

சாட்சி கேட்கும் நாற்காலியில் உட்காருபவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள்.