கண்ணாடிக்காரரின் நாற்பத்தொன்று

டேங்க் நிறைந்து பெட்ரோல் குழாய் தானாக நின்ற பிறகும் மீட்டரக்கா நகர மாட்டார். காரின் பின்புறத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி மூன்று முறை ஆட்டுவார். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டுமாம். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். எப்போதும் அதே பங்க், அதே குழாய், தரையிலுள்ள அதே விரிசலின் மேல் முன்சக்கரம். "என்னக்கா, வண்டிக்குத் தாலாட்டா?" என்று குழாய் பிடிக்கிற பெண் சிரித்தால், "தாலாட்டு இருக்கட்டும். மொதல்ல சைபரைக் காட்டுனியா நீ?" என்பார்.

இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்து எழுதுவது அவர் வேலை. மீட்டரை மெதுவாக ஓடவைக்கப் பூந்தொட்டிக்குள் ஒளித்த காந்தத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் திருட்டு வயர் ஓடுவதைச் சுவரின் சூட்டை வைத்தே சொல்லியிருக்கிறார். "மீட்டர் பொய் சொல்லாது. அதை மறைச்சுக்கிட்டு நிக்கிற ஆளு சொல்லுவான்" என்பது அவர் வாய்ப்பாடு. கணவருக்கும் விலக்கு இல்லை. கறிகாய் வாங்கி வந்தால் பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார். "உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட யாருடான்னு கேப்ப நீ" என்று அந்த மனிதர் அலுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவர், பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் பழைய ஹைப்ரிட் கார் ஒன்றை வாங்கி, ஒரு பட்டறையில் கொடுத்து, பின்பெட்டியில் பெரிய பேட்டரி வைத்து, வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏற்றும்படி மாற்றிக்கொண்டார். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றார் பட்டறைக்காரர். வந்தது இருபத்தேழு. "அம்பதா? மலை உச்சியிலேர்ந்து தள்ளிவிட்டா வரும்" என்று சொல்லிவிட்டு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார்.

அதே பட்டறையில் மாற்றிய கார்கள் ஒன்பது. மாதத்தின் முதல் ஞாயிறு, பட்டறை முற்றத்தில் எல்லோரும் கூட வேண்டும். ஓடிய தூரம், குடித்த பெட்ரோல், ஏற்றிய யூனிட் மூன்றையும் மீட்டரக்காவிடம் சொல்லி அந்த நோட்டில் எழுத வைக்க வேண்டும். காரின் திரையில் வரும் எண்ணை அவர் எழுதவே மாட்டார். "அது வண்டி தனக்குத் தானே குடுத்துக்கிட்ட சர்டிபிகேட்டு." புதிதாகக் காரை மாற்ற நினைப்பவர்கள் பட்டறைக்காரரின் பேச்சைக் கேட்டுவிட்டு நேராக இந்த நோட்டைத்தான் பார்க்க வந்தார்கள்.

இந்த நோட்டுக்குத்தான், ஒன்பதில் ஒருவரான கண்ணாடிக்காரர் வந்து லிட்டருக்கு நாற்பத்தொன்று என்றார்.

ஜன்னலுக்கும் குளியலறைக்கும் கண்ணாடி பொருத்துகிறவர். விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று பிளாஸ்திரி. அதிர்ந்து பேசாதவர். மீட்டரக்கா பேனாவை மூடினார்.

"மத்தவங்க யாரும் முப்பத்திரெண்டைத் தாண்டல. நீங்க கண்ணாடி பாரத்தையும் சுமந்துக்கிட்டு நாப்பத்தொண்ணா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. பொய்க் கணக்கை நான் எழுத மாட்டேன்."

எட்டுப் பேர் முன்னால் சொன்ன சொல். கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஜனங்க என்னை நம்பித்தான் படுக்கையறை வரைக்கும் விடுறாங்க. பொய்யன்னு பேரு வந்தா எனக்குப் பொழப்பு இல்ல. ஒரு நாள் என்கூட வண்டியில வாங்க. அப்புறம் எழுதுங்க, இல்ல எழுதாம விடுங்க."

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மீட்டரக்கா போனார். கையில் நோட்டு, டார்ச், பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டர். இருக்கைகளுக்கு அடியில் பெட்ரோல் கேன் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். தன் பங்கிற்கே கூட்டிப்போய், தானே ஆட்டி, டேங்க்கை நிரப்பினார். பின்னிருக்கையைக் கழற்றிய இடத்தில் மரச்சட்டத்துக்குள் கண்ணாடிகள் கம்பளி சுற்றி நின்றன.

வண்டி கிளம்பியது. எஞ்சின் முழித்துக்கொள்ளும் போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. பதினைந்து கிலோமீட்டருக்கு மூன்றே கோடு. ஏமாற்று வித்தை எங்கே என்று அவர் ஓட்டுகிறவரின் கையைப் பார்த்தார், பெடலின் மேல் செருப்பில்லாமல் இருந்த வலது காலைப் பார்த்தார், திரும்பிப் பின்னாலும் பார்த்தார்.

இரண்டாவது வீட்டில் அகப்பட்டது. கண்ணாடிக்காரர் இறங்கியதும் வயரை இழுத்துப் போர்ட்டிகோ பிளக்கில் சொருகினார்.

"பிடிச்சேன்!"

"வீட்டம்மாவைக் கேட்டுட்டுத்தான்க்கா போடுறேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொன்னீங்களா? இந்த யூனிட்டு எந்தக் கட்டத்துல இருக்கு?"

அவர் விழித்தார். "வீட்டுல ஏத்துறதைத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

மீட்டரக்கா தன் சின்ன மீட்டரை நடுவில் மாட்டினார். ஒன்றே முக்கால் யூனிட். வெற்றிதான். ஆனால் அந்த ஒன்றே முக்காலை வைத்துக்கொண்டு மலையைப் புரட்ட முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி அதே பங்க். அறுபத்து நான்கு கிலோமீட்டர். ஒன்று புள்ளி ஆறு லிட்டர். வகுத்துப் பார்த்தார். கீழிருந்து பெருக்கியும் பார்த்தார். நாற்பது.

"இப்ப நீங்க ஓட்டுங்க" என்று கண்ணாடிக்காரர் சாவியை நீட்டினார். "உங்க இருபத்தேழு மேல எனக்கும் ஒரு சந்தேகம்."

அளவு தவறித் திரும்பிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று பின்னால் நின்றது. தெருமுனைக்குள் எஞ்சின் இரண்டு முறை முழித்தது. பிரேக், மிதி, பிரேக், மிதி. கண்ணாடி சட்டத்தில் கிணுகிணுத்தது. கண்ணாடிக்காரர் கையைப் பின்னால் நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

நாலு சிக்னல் தாண்டியதும் கேட்டார். "அக்கா, முன்னாடி போறவன் பிரேக் போடலியே?"

"போட்டுட்டான்னா?"

"அதுக்குத்தானே தூரம் விடுறது."

"தூரம் விட்டா நடுவுல ஒருத்தன் நுழைவான்."

"நுழையட்டும்க்கா. அவனும் வீட்டுக்குத்தான் போறான்."

மீட்டரக்கா இரண்டு பெடல்களுக்கும் நடுவே தவிக்கும் தன் வலது காலை ஒருமுறை குனிந்து பார்த்தார், யாருடையதோ போல. ஒவ்வொரு பிரேக்கிலும் நின்றுபோன ஓட்டத்தை மீட்க ஒவ்வொரு முறையும் அழுத்தி மிதிக்க, தூங்குகிற எஞ்சினை அவரேதான் எழுப்பிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரரின் கடை வாசலில் இறங்கும்போது, நோட்டில் அவர் போட்டிருந்த கோடுகள் பதினொன்று.

அடுத்த முதல் ஞாயிறு, பட்டறை முற்றத்தில் எல்லோரும் வந்த பிறகு எழுந்து நின்றார். "நான் கூடவே உக்காந்து பாத்தேன். நாப்பது. வெளியில ஏத்துன யூனிட்டையும் சேத்து எழுதியிருக்கேன். அப்பவும் அவர்தான் முதல். எல்லார் முன்னாடியும் பொய்னு சொன்னேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னுது."

"பரவாயில்லக்கா" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதுக்குள்ள பரவாயில்லையா? மனசுல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

முற்றமே சிரித்தது. மீட்டரக்கா சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் முகத்தை நன்றாக ஒருமுறை படித்துவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் காருக்குப் போனார். கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, வலது கால் செருப்பை மட்டும் கழற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, வெறும் காலைப் பெடலின் மேல் மெதுவாக வைத்தார்.