சார் அடிக்கச் சொன்ன இரண்டு வரிகள்

1960-களின் நடுவில் நான் திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர்.

ஆளுக்கொரு தாதுக்கல்லைப் பரிசோதித்து ரெக்கார்டில் எழுத வேண்டும். வடக்கே செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அண்ணன் லீவில் வந்தபோது கொடுத்த சாம்பல் நிறக் கல்லை எடுத்துப் போனேன். அமிலம் விட்டதும் அழுகிய முட்டை நாற்றம், கந்தகம். செம்பு வரும் என்று தெரியும். கூடவே நிக்கலும் பிஸ்மத்தும் வந்தன. மறுபடி செய்தேன். அப்போதும் வந்தன. எழுதிவிட்டேன்.

வேதியியல் சார் பார்த்துச் சிரித்தார். "இது மூணும் ஒண்ணாச் சேர்ந்த கந்தகக் கல்லு எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு? வீட்டுல சட்டி கழுவுற மாதிரி டியூபைக் கழுவியிருக்க. நிக்கல், பிஸ்மத் ரெண்டு வரியையும் அடிச்சுட்டு வா, கையெழுத்துப் போடுறேன்."

கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குப் போக முடியாது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். தோல் வியாபாரம் செய்துவந்த அத்தா, "பாஸாகலேன்னா படிப்பு இத்தோட நின்னுரும்" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் கெஞ்சினார். "அவுக சொன்னபடி எழுதிக் குடுத்துட்டுப் போயேம்மா. உன்னைய இம்புட்டு படிக்க வச்சதுக்கே ஊரு பேசுது."

பயம் எனக்கும் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் போய் நின்றேன்.

"அடிக்க மாட்டேன் சார். டியூபை நீங்களே கழுவிக் குடுங்க. உங்க முன்னாடியே செய்றேன்."

அவர் கழுவிக் கொடுத்தார். நான் பழையபடி அமிலம் விட்டுச் சோதித்தேன். பிஸ்மத்தின் வெள்ளைப் படிவு அடியில் தங்கியது, மேலே செம்பின் நீலம். கடைசிக் குழாயில் நிக்கலுக்கான ரோஜாச் சிவப்பு திரண்டது. சார் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே 'சந்தேகத்துக்குரியது' என்றும் எழுதிவிட்டார்.

அது எனக்குப் போதவில்லை. கல்லை உடைத்து ஒரு பாதியை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கல்லுக்குள் மிகச் சிறிய மணிகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றிலும் செம்பு, நிக்கல், பிஸ்மத், கந்தகம் நான்கும் சேர்ந்திருப்பதாகவும், தெரிந்த எந்தத் தாதுவோடும் அது பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். முழுதாக ஆராய்ந்து பெயர் வைக்க அந்த மணிகள் போதாதாம்.

கடிதத்தை சார் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "சரிம்மா" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை.

பிறகு வேலையிலும் வீட்டிலும் எத்தனையோ பேர் "அப்படியெல்லாம் இருக்காது" என்று என்னிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் கண்ணால் பார்த்ததை, அவர்கள் சொல்கிறார்களே என்பதற்காக, இல்லை என்று நான் இன்றுவரை சொன்னதில்லை.